ஆட்டோ மோடுக்கு ஒரு நாள் லீவு! ஆவடி முதல் பூந்தமல்லி வரை ஒரு கேமரா உலா

சென்னையில் போட்டோ எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் போகிறார்கள். மெரினாவில் சூரிய உதயம், காசிமேட்டில் படகுகள், மயிலாப்பூரில் தேர் என்று சோஷியல் மீடியா முழுக்கக் கடற்கரைப் பக்கத்துச் சென்னைதான். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் அம்பத்தூர், ஆவடி, அங்கிருந்து பஸ் பிடித்தால் பூந்தமல்லி... இந்த மேற்குப் பக்கம் கேமராவைத் திருப்புகிறவர்கள் குறைவு.

ஆனால், கேமரா கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வகுப்பறை அமையாது. ஏரி, பழைமையான கோயில், தொழிற்பேட்டை, ராத்திரிக் கடைத்தெரு என நான்கு விதமான வெளிச்சத்தை ஒரே நாளில், பஸ் டிக்கெட் செலவில் பார்த்துவிடலாம்.

"போன்தான் எல்லாத்தையும் தானே பாத்துக்குதே... நாம எதுக்குக் கத்துக்கணும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆட்டோ மோடு எந்த வெளிச்சத்திலும் சுமாரான ஒரு படத்தைக் கொடுத்துவிடும். ஆனால் பறவையின் சிறகு உறைந்து நிற்க வேண்டுமா, பூ மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டுமா, அந்தி வானத்தின் ஆரஞ்சு அப்படியே வேண்டுமா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நாம்தான். அதற்கான மொழிதான் இந்த செட்டிங்ஸ்.

கிளம்புவதற்கு முன் மூன்றே மூன்று வார்த்தைகள். கேமராவை ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர் ஸ்பீடு. உள்ளே வந்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறோம் என்பது ஐ.எஸ்.ஓ. கோயில் திருவிழா மைக் செட் போலத்தான் இந்த மூன்றாவது. மெதுவாகப் பேசுகிறவருக்காக வால்யூமை ஏற்றினால் பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் ஏறும்.

போனில் 'புரோ' மோடு இருந்தால் திறந்து வையுங்கள். இல்லாதவர்களுக்கு இலவச கேமரா ஆப்கள் இருக்கின்றன. டி.எஸ்.எல்.ஆர்., மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடம்தான். போகலாமா?

காலை 6.30: பருத்திப்பட்டு ஏரியில் ஷட்டர் ஸ்பீடு

ஆவடி - பூந்தமல்லி சாலையை ஒட்டி இருக்கிறது பருத்திப்பட்டு ஏரி. 2019-ல் இதைச் சீரமைத்துப் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். காலையில் கரை நெடுக வாக்கிங் போகிறவர்கள். தண்ணீரில் கூழைக்கடா, கொக்கு, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி. சீசனைப் பொறுத்துக் கூட்டம் கூடும், குறையும்.

பறவைதான் ஷட்டர் ஸ்பீடுக்குச் சரியான வாத்தியார். ஷட்டர் ஸ்பீடு விநாடியின் பின்னமாகக் காட்டப்படும். 1/125 என்றால் ஒரு விநாடியில் 125-ல் ஒரு பங்கு நேரம் ஜன்னல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். அசையாமல் நிற்கும் கொக்குக்கு அது போதும். அதே கொக்கு பறக்க ஆரம்பித்துவிட்டால் 1/125-ல் சிறகு வெறும் வெள்ளைத் தீற்றலாகிவிடும். 1/1000-க்குப் போனால்தான் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும். கூழைக்கடா பெரிய உடம்பு, நிதானமாகச் சிறகடிக்கும். அதற்கு 1/500-கூட ஒத்துழைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. நேரத்தைக் குறைத்தால் வெளிச்சமும் குறையும். ஆறரை மணிக்கு 1/1000 வைத்தால் படம் இருட்டாகும், இல்லையென்றால் ஐ.எஸ்.ஓ தாறுமாறாக ஏறிப் படம் புள்ளி புள்ளியாகும். அதனால் வெளிச்சம் குறைவாக இருக்கும்போது நிற்கிற பறவைகளை எடுங்கள். வெயில் ஏறி ஏழரை ஆனதும் பறக்கிற பறவைகளைப் பிடியுங்கள்.

கையில் போன் மட்டும் இருந்தால் தூரத்துப் பறவையை விரல்களால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். அது ஜூம் இல்லை, படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. பறவையைச் சின்னதாகவே வைத்து, ஏரியையும் வானத்தையும் சேர்த்து எடுங்கள். ஏரி எவ்வளவு பெரியது என்பதை அந்தச் சின்னப் பறவைதான் காட்டும்.

காலை 9: திருமுல்லைவாயிலில் அப்பர்ச்சர்

ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் இருக்கும் திருமுல்லைவாயில், சுந்தரர் பாடிய தலம். முல்லைக்கொடியில் யானையின் கால்கள் சிக்க, அதை வெட்டப்போன தொண்டைமான் மன்னனுக்கு உள்ளேயிருந்த லிங்கம் தென்பட்டது என்கிறது தலபுராணம். மாசிலாமணீஸ்வரர் கோயில் கருவறைக்கு முன்னால் வெள்ளெருக்கு மரத்தூண்கள் இரண்டு நிற்கின்றன. பெரும்பாலான சிவன் கோயில்களில் சுவாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தி, இங்கே திரும்பி வெளியே பார்த்து உட்கார்ந்திருக்கிறது. மன்னனுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பிய கோலம் என்று சொல்வார்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்த்து மனசில் பதித்துக்கொள்ளுங்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. உள்ளே படம் வேண்டாம். நம் பாடம் வாசலில் இருக்கிறது.

கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பாட்டியிடம், "பாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கட்டா?" என்று கேட்டேன்.

"என்னைய எதுக்குக் கண்ணு... பூவை வேணா எடுத்துக்கோ" என்றார்.

பூ போதும். அப்பர்ச்சருக்குப் பூவைவிட நல்ல பொருள் ஏது?

அப்பர்ச்சர் எண்கள் ஆரம்பத்தில் எல்லோரையும் குழப்பும். எஃப் 1.8, எஃப் 2.8, எஃப் 8, எஃப் 11 என்று போகும். எண் சின்னதாக இருந்தால் ஜன்னல் பெரியது. எண் பெரிதானால் ஜன்னல் சின்னது. எஃப் 1.8-ல் பூச்சரத்தை ஃபோகஸ் செய்தால் பூ மட்டும் பளிச்சென்று இருக்கும், பின்னால் உள்ள கோபுரம் கரைந்து நிறமாக நிற்கும். அதே இடத்திலிருந்து சற்றுப் பின்னால் வந்து எஃப் 11 வைத்தால் பூக்கூடையும் தெரியும், கோபுரச் சிற்பங்களும் தெரியும். முதல் படம் பூவைப் பற்றியது. இரண்டாவது, அந்தத் தெருவைப் பற்றியது. எது வேண்டும் என்று முடிவு செய்வதுதான் அப்பர்ச்சர். கேமராவின் டயலில் 'ஏ' அல்லது 'ஏ.வி' என்று இருக்கும் இடத்தில் வைத்தால் அப்பர்ச்சர் நம் கையில், மற்றது கேமராவின் கையில்.

போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்றவே முடியாது. அது நிலையானது. 'போர்ட்ரெய்ட்' மோடில் பின்னணி மங்குவது லென்ஸின் வேலை இல்லை, சாஃப்ட்வேரின் கணக்கு. அதனால்தான் அப்பாவின் கண்ணாடி ஃபிரேமும் பாப்பாவின் சுருட்டை முடியும் சில படங்களில் பாதி காணாமல் போகின்றன. இதற்கு எளிய வழி, எடுக்கும் பொருளுக்கு நன்றாக நெருங்கிப் போய், பின்னணி தூரத்தில் இருக்கும்படி நிற்பதுதான். மங்கல் இயற்கையாகவே வரும்.

பகல் 12: அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போஷர்

'உச்சி வெயிலில் போட்டோ எடுக்காதே' என்பார்கள். உண்மைதான். ஆனால் அம்பத்தூர் தொழிற்பேட்டையை உச்சி வெயிலில்தான் பார்க்க வேண்டும்.

1964-ல் தொடங்கப்பட்ட இந்த எஸ்டேட், நாட்டின் பெரிய சிறுதொழிற்பேட்டைகளில் ஒன்று. கடைசல் பட்டறை, வார்ப்படக் கூடம், கியர் வெட்டுகிற இடம் எல்லாம் ஒரு பக்கம். கண்ணாடிச் சுவர் வைத்த ஐ.டி. கட்டடங்கள் மறுபக்கம். வெளியே கண் கூசும் வெயில், ஷட்டர் கதவுக்கு உள்ளே கும்மிருட்டு. இங்கேதான் கேமரா அதிகம் தடுமாறும்.

எந்தக் காட்சியைப் பார்த்தாலும், அதன் சராசரி வெளிச்சம் நடுத்தரச் சாம்பல் நிறம்போல இருக்க வேண்டும் என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. அதனால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டையில் நிற்கிறவரை எடுத்தால், 'அடடா, வெளிச்சம் ஜாஸ்தி' என்று அதுவாகவே குறைத்துவிடும். வெள்ளை அழுக்காகிவிடும். கிரீஸ் படிந்த கறுப்புத் தரையை எடுத்தால் 'இருட்டு ஜாஸ்தி' என்று ஏற்றிவிடும். கறுப்பு வெளிறிவிடும்.

இதைச் சரிசெய்வதற்குத்தான் பிளஸ், மைனஸ் போட்ட எக்ஸ்போஷர் பட்டன். வெள்ளை அதிகமா? பிளஸ் பக்கம் ஒன்று ஏற்றுங்கள். கறுப்பு அதிகமா? மைனஸ் பக்கம் ஒன்று இறக்குங்கள். போனில் திரையைத் தொட்டால் சின்னதாகச் சூரியன் படம் வரும், அதை மேலே கீழே இழுத்தால் போதும். கொஞ்சநேரம் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே பாதிப் படங்கள் பிழைத்துவிடும்.

பட்டறைக்குள் போக வேண்டுமென்றால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான். "தம்பி, மிஷினை எடு, டிராயிங் பேப்பரை எடுக்காத" என்றார் ஒரு லேத் பட்டறை அண்ணன். கம்பெனி ரகசியம், நியாயம்தானே? வெல்டிங் பொறியை எடுக்க ஆசை வரும். வேண்டாம். வெறும் கண்ணால் அதைப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-ல் பிறந்து வளர்ந்தது இந்த அம்பத்தூரில்தான். அந்தப் பெருமைக்காகவே இங்கே ஒரு படம் எடுக்கலாம். ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர் எதிர்ப்படும்போது, ஷட்டரை 1/30 வைத்து, அவர் போகிற வேகத்திலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டு கிளிக் செய்யுங்கள். சைக்கிள் தெளிவாக நிற்கும், தெரு கோடு கோடாக ஓடும். இதற்கு 'பேனிங்' என்று பெயர். வெயில் தாழ்ந்த பிறகு செய்தால் நல்லது. உச்சி வெயிலில் 1/30 வைத்தால் போன் படம் வெள்ளையடித்துவிடும். பத்துக்கு ஒன்று சரியாக வரும். அந்த ஒன்று போதும்.

கேமராவுக்கு வேறொரு வேலையும் இந்த எஸ்டேட்டில் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இங்கே பட்டறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மிஷின்கள் மூழ்கின. அப்படி ஒரு நாளில் எடுக்கிற படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, பயன்பட வேண்டும். தண்ணீர் எவ்வளவு உயரம் என்று தெரிய, வாசல்படி, மீட்டர் பெட்டி, மிஷினின் கால் போன்ற நிலையான ஒன்றைச் சேர்த்து எடுங்கள். இருட்டாக இருந்தால் பிளஸ். கை ஆடாமல் சுவரில் சாய்ந்து நின்று கிளிக் செய்யுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, நடுவில் நின்று ஒன்று, நெருங்கி ஒன்று. காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் மனு போடும்போது இந்த மூன்று படங்களும் பேசும்.

மாலை 5.30: அம்பத்தூர் ஏரியில் ஒயிட் பேலன்ஸ்

திருவள்ளூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போதே கண்ணில் படும் அம்பத்தூர் ஏரி. அந்தி நேரத்தில் மேற்கு வானம் பற்றிக்கொண்டதுபோல இருக்கும். ஆசையாக எடுப்போம். படத்தைப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். அந்த ஆரஞ்சு எங்கே போனது?

கேமராவே எடுத்துவிட்டது! மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மஞ்சளாகத் தெரியக் கூடாது என்பதற்காக ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் எப்போதும் நிறத்தைச் சமன்செய்கிறது. கல்யாண மண்டபத்துக்குள் அது நல்ல பிள்ளை. சூரிய அஸ்தமனத்தில் வில்லன். புரோ மோடில் ஒயிட் பேலன்ஸை 'டேலைட்' என்று வையுங்கள். அல்லது 5500 கெல்வின் என்று எண்ணைக் கொடுங்கள். வானம் கண்ணுக்குத் தெரிகிற நிறத்திலேயே வரும். எண்ணை 6500-க்கு ஏற்றினால் இன்னும் சிவக்கும். அதற்குமேல் ஏற்றினால் டி.வி. சீரியல் மாதிரி ஆகிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரையில் குடும்பத்தோடு எடுக்கிற படத்தில் எல்லோர் முகமும் கறுப்பாக வருவதற்குக் காரணம், முதுகுக்குப் பின்னால் சூரியன். இரண்டு வழிகள். முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைப் பிளஸ் பக்கம் ஏற்றினால் முகம் தெரியும், வானம் வெளுக்கும். அல்லது, வானத்தைத் தொட்டு மைனஸ் வைத்தால் வானம் ஜொலிக்கும், குடும்பம் நிழலுருவாக நிற்கும். தாத்தாவின் கைத்தடியும் பேத்தியின் இரட்டைச் சடையும் நிழலுருவிலும் அடையாளம் தெரியும்!

இரவு 7.30: பூந்தமல்லியில் ஐ.எஸ்.ஓ

பூவிருந்தவல்லி என்ற பெயர்தான் பேச்சு வழக்கில் பூந்தமல்லி ஆனது. இங்கே பிறந்த திருக்கச்சி நம்பி, பூமாலை கட்டிக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குத் தினமும் கைங்கர்யம் செய்தார் என்பது ஐதிகம். இன்று ட்ரங்க் ரோட்டில் பூக்கடை வெளிச்சத்துக்கு மேலே மெட்ரோ பாலம் நிற்கிறது. 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத்தோட்டம் வரை ஓட்டுநர் இல்லாத மெட்ரோ ரயிலைச் சோதனை ஓட்டம் விட்டார்கள்.

ராத்திரித் தெருவில் வெளிச்சம் குறைவு. ஷட்டரை 1/60-க்குக் கீழே இறக்கினால் நடக்கிறவர்கள் மங்குவார்கள், கையும் ஆடும். மீதி இருப்பது ஐ.எஸ்.ஓ. பகலில் 100 போதும். இங்கே 800, 1600 என்று ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்ற ஏற்றப் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் வரும். வரட்டும். புள்ளி இருக்கிற தெளிவான முகம், புள்ளி இல்லாத மங்கலான முகத்தைவிட மேல்.

வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' ஃபிலிம் ஞாபகம் இருக்கலாம். அன்று ஃபிலிம் டப்பாவில் 100 என்று போட்டிருந்தால், அந்த ரோல் முடிகிற வரைக்கும் 100தான். பகலில் வாங்கிய ரோலை ராத்திரிக்கு மாற்ற முடியாது. இன்று ஒவ்வொரு கிளிக்குக்கும் மாற்றலாம். நாம் எவ்வளவு வசதியாக இருக்கிறோம் என்பது அப்போது புரியும்.

ஒரு சின்ன ரகசியம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸின் எல்.இ.டி. போர்டை எடுத்தால் 'பிராட்வே' என்பது பாதி எழுத்துகளோடு வரும். கடை விளக்குகளில் கறுப்புப் பட்டைகள் ஓடும். கேமரா ரிப்பேர் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. எல்.இ.டி. போர்டும் அதன் கணக்கில் வேகமாக அணைந்து எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கல், வேகமான ஷட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. விளக்குப் பட்டைகளுக்கு ஷட்டரை 1/100 அல்லது 1/50 வையுங்கள். போர்டுக்கு 1/50, 1/30 என்று இறக்கிப் பாருங்கள். பஸ் நிற்கும்போது எடுத்தால் எழுத்து முழுசாக வந்துவிடும்.

இங்கெல்லாம் கேமராவை உள்ளே வையுங்கள்!

ஆவடி ஒரு ராணுவ ஊரும்கூட. 1961-ல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையில்தான் விஜயந்தா முதல் அர்ஜுன் வரை பீரங்கி வண்டிகள் உருவாயின. விமானப்படை நிலையமும் இருக்கிறது. இந்த வளாகங்களின் சுவர், வாசல், காவல் கூண்டு எதையும் எடுக்கக் கூடாது. அலுவல் ரகசியச் சட்டம் 1923 விளையாட்டல்ல. டிரோன் பறக்கவிடும் எண்ணமிருந்தால் இந்தப் பக்கம் மறந்துவிடுங்கள். ரயில் தண்டவாளத்தில் நின்று ரீல்ஸ் எடுப்பது உயிருக்கே ஆபத்து. மனிதர்களை எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள்.

மாதம் ஒரு கிளிக்

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. 'சோஷலிச பாணி சமுதாயம்' என்ற தீர்மானம் நிறைவேறிய மாநாடு அது. அதன் படங்களைத் தேடினால் பெரும்பாலும் மேடையும் தலைவர்களும்தான் கிடைக்கிறார்கள். மாநாட்டுப் பந்தலுக்கு வெளியே அன்றைய ஆவடித் தெரு எப்படி இருந்தது, ஏரி எதுவரை இருந்தது, டீக்கடையில் என்ன எழுதியிருந்தது? பிரபலங்களைப் படம் எடுக்க எப்போதும் ஆள் உண்டு. நம் தெருவை நாம்தான் எடுக்க வேண்டும்.

அதுவும் இந்தப் பக்கம் ஊர் மாறுகிற வேகம் அப்படி. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. வயல் மனையாகிறது, பட்டறை அடுக்குமாடியாகிறது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலக்கும் பிரச்னை தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஓர் ஏரி எப்படி இருந்தது, எப்படி ஆனது என்று காட்ட, தெளிவான படத்தைவிட எளிய சாட்சி வேறில்லை.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரையோ, தெருமுனையோ, பழைய வேப்பமரமோ எதுவானாலும் சரி. மாதம் ஒரு முறை, அதே இடத்தில் நின்று, அதே நேரத்தில், ஜூம் செய்யாமல் ஒரு படம். வெளிச்சம் பார்த்து ஐ.எஸ்.ஓ, முகமோ மரமோ பார்த்து ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் எப்போதும் டேலைட். ஃபில்டர் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் அளவு சுருங்கும், தேதி விவரமும் போய்விடும். அதனால் ஒரிஜினலைத் தனி ஃபோல்டரில் வையுங்கள்.

ஒரு வருடத்தில் 12 படங்கள். பத்து வருடத்தில் 120. அதற்குள் உங்கள் போன் நாலைந்து முறை மாறியிருக்கும், தெருவும் மாறியிருக்கும். 'இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?' என்று பிள்ளைகள் கேட்டால், எடுத்துக்காட்ட உங்களிடம் படம் இருக்கும்.